முக்கோண அட்டையில் இல்லாத பேன்

திருடு போனது ஒரு பேன். தலையில் ஊர்கிற பேன் அல்ல. செடியில் சாறு குடிக்கிற பேன். எள்ளை இரண்டாக உடைத்தால் அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான் மொத்த உருப்படியும். அதற்காகப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் கேட்டை இழுத்துப் பூட்டி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் கூடத்தில் நிற்கவைத்து, ஒரு பெண்பிள்ளையின் கைப்பையை எல்லார் முன்னாலும் மேசையில் கவிழ்த்திருந்தார்கள். சீப்பு, வீட்டுச் சாவி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், கண்ணாடி துடைக்கிற துணி. பேன் இல்லை. இருந்தாலும் அந்தக் குவியலில் அது எவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் படித்தவர்கள்.

துருவி வந்து சேர்ந்தபோது சாமான் இன்னும் மேசையிலேயே கிடந்தது. சொந்தக்காரி அதை அள்ளவில்லை. கொட்டினவன் அள்ளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஊசியில் பூச்சி குத்துவதும் அட்டையில் பேன் ஒட்டுவதும் அவள் வேலை. நிலையத்தில் அவளை ஒட்டுக்காரம்மா என்பார்கள்.

துருவிக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒரு கேள்வியைப் பிடித்தால் ஓடு தெரிகிறவரை விடமாட்டாள் என்பதால் தேங்காய்த் துருவியின் பெயர் வந்து சேர்ந்தது. புருஷன் நடத்திய துப்பறியும் அலுவலகத்தை அவன் காலத்துக்குப் பிறகு இவள் நடத்துகிறாள். அவன் காலத்தைவிட ஒழுங்காகவே நடக்கிறது. கூடவே வருகிறவன் புருஷனின் தம்பி. அவனுக்குத் தகரம் என்று பெயர். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓசை நிற்காது.

மேசையைப் பார்த்ததும் தகரம் அண்ணியின் காதருகே குனிந்தான்.

"பேன் தேட ஒரு சீப்பு போதுமே அண்ணி. அதுவும் இங்கேயே கிடக்கு. நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"பேன் தேடக் கூப்பிடல. ஆளைப் பிடிச்சாச்சு, நம்மள முத்திரை குத்தக் கூப்பிட்டிருக்காங்க. வாயை மூடிக்கிட்டு வா."

வந்தான். வாயை மூடுவது அவன் வம்சத்திலேயே கிடையாது.

இயக்குநர் அவர்களைப் பூச்சி மாதிரிகளை வைத்திருக்கும் அறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க மர இழுப்பறைகள், மூக்கைத் துளைக்கிற அந்துருண்டை நெடி. இயக்குநர் ஒரு காலத்தில் இதே பேன்களைப் படித்தவர். நாற்காலி கிடைத்ததும் பேனை விட்டுவிட்டார். ஆனாலும் பழைய பாடம் மறக்கவில்லை. இந்தப் பேன்கள் இலையில் உட்கார்ந்து சாறு குடிக்கும், விரல் பட்டால் தாவும், அதனால் தாவும் செடிப்பேன் என்று பெயர் என்றார். ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும், அப்புறம் எந்தப் பேரினம், கடைசியில் எந்தச் சிற்றினம். அதற்கு இறக்கையில் நரம்பு எப்படிப் பிரிகிறது, முகத்தில் கூம்பு நீட்டியிருக்கிறதா, முகம் தட்டையா, பின்னங்காலில் முள் எங்கே இருக்கிறது என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அதன் குஞ்சுகள் எந்தச் செடியில் வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரிய பேன் பறந்து போய்க் கண்ட இலையில் உட்காரும். குஞ்சு எங்கே வளர்கிறதோ அதுதான் வீடு.

"குடும்பம் என்ன, முகம் எப்படி, வீடு எங்கே," என்றான் தகரம். "சம்பந்தம் பேசப் போறவங்ககூட இவ்வளவு விசாரிக்கிறதில்ல சார்."

இயக்குநர் அதைக் கேட்காத மாதிரி ஓர் இழுப்பறையை இழுத்தார். கண்ணாடி மூடிக்குக் கீழே ஓர் ஊசி நின்றது. ஊசியில் சின்ன முக்கோண அட்டை. அட்டையின் முனையில் இருக்க வேண்டிய பேன் இல்லை.

புதுப் பேரினம் ஒன்று கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், எதைப் பார்த்துச் சொன்னாரோ அந்த ஒரு பேனைக் காலத்துக்கும் பத்திரமாக வைக்க வேண்டும். அதுதான் சாட்சி. சந்தேகப்படுகிறவன் வந்து பார்த்துக்கொள்ளலாம். பேர், புகழ், பட்டம் எல்லாம் அந்தச் செத்த பேனின் முதுகில் நிற்கிறது. இந்தப் பேனின் முதுகில் நின்றவர் நிலையத்தின் பெரிய பேராசிரியர். இளவயதில் கண்டுபிடித்த இந்த ஒரு பேரினத்தை வைத்தே மாலை, மேடை, தனி அறை என்று சம்பாதித்துவிட்டார். எதிரே திறந்திருந்த அவர் அறைச் சுவரில் அந்தப் பேனின் படம் ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டுத் தொங்கியது. புள்ளி போட்ட இறக்கை, முகத்தில் இரண்டு கூம்பு. முன்னோர் படம் மாதிரி கீழே ஒரு சின்ன விளக்கு வேறு.

தகரம் அதை அண்ணாந்து பார்த்தான்.

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவாங்கன்னு கேட்டிருக்கேன். அது சும்மா பேச்சுன்னு நினைச்சேன் அண்ணி."

விஷயம் இதுதான். நாளைக் காலையில் வெளியூரிலிருந்து ஓர் அம்மா வருகிறாள். தாவும் செடிப்பேன்களை வகை பிரிப்பதில் அவள் சொல்தான் கடைசிச் சொல். இந்த இறக்கையும் இந்த முகமும் ஒரே உடம்பில் இருக்க முடியாது என்று பல காலமாக எழுதிக்கொண்டிருக்கிறவள். சாட்சிப் பேனைத் தன் கண்ணால் பார்க்க வருகிறாள். இன்று காலை இழுப்பறையைத் திறந்தால் பேன் இல்லை. சாவி இருப்பது ஒட்டுக்காரம்மாவிடம். வெளியூர்க்காரிக்கு விற்றுவிட்டாள் என்றார் பேராசிரியர். சாயங்காலத்துக்குள் அவளை வேலையை விட்டு நீக்கிப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நீக்குகிற உத்தரவுக்கு இயக்குநர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

திருடி என்ற பெயரோடு போனால் இன்னொரு நிலையத்தின் படியை அவள் மிதிக்க முடியாது. ஊசி முனையில் பேனை நிறுத்துகிற கைக்கு வேறே எங்கே வேலை இருக்கிறது? மளிகைக் கடையிலா?

அறையில் ஒரே ஒருவர் அவளுக்காகப் பரிந்து பேசினார். பேராசிரியரின் மருமகன், அவரும் அங்கேயே ஆராய்ச்சியாளர். நிலையமே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மாமனாருடைய பேரினத்தில் மேற்கொண்டு மூன்று சிற்றினம் கண்டுபிடித்துப் பட்டம் வாங்கியவர். குரல் வெண்ணெய்.

"அந்தம்மா திருடியிருக்க மாட்டாங்க, பாவம். பசை காஞ்சு விட்டிருக்கும். பேன் உதிர்ந்து, பெருக்குறப்ப போயிருக்கும். அஜாக்கிரதைதான். பெரிய மனசு பண்ணி, போலீஸ் எல்லாம் வேண்டாம், வேலையை விட்டு மட்டும் அனுப்பிடலாம்."

அவர்கள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்ற ஒட்டுக்காரம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அந்தப் பேனை நான் ஒட்டல. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பெரியவர் தன் கையால ஒட்டினது. என் பசை விடாது."

துருவி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தால் நல்லதில்லை என்று தகரத்துக்குத் தெரியும். எல்லாரும் அடிக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் தடவிக்கொடுத்தால், அவன் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஊசியை வெளியே எடுக்கச் சொல்லிப் பெரிய கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தாள்.

அட்டை முனையில் பசை இருந்தது. பழுப்பாக ஒரு சொட்டு. அதை ஒட்டினாற்போல் கண்ணாடி மாதிரி இன்னொரு துளி. ஈரத் தூரிகையைக் கேட்டு வாங்கித் தொட்டுப் பார்த்தாள். பழுப்புச் சொட்டு உடனே இளகியது. மற்றது கல்லாக இருந்தது.

பழுப்புச் சொட்டு இங்கே எல்லாரும் பயன்படுத்துகிற பசை, தண்ணீர் பட்டால் விட்டுவிடும், பேனைத் திருப்பி ஒட்ட வசதியாக அப்படி வைத்திருக்கிறோம் என்றார் இயக்குநர். மற்றது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிட்டது.

துருவி தகரத்தை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஊசியோட எடுத்திருந்தா திருட்டு. பேனை மட்டும் எடுத்துட்டு ஊசியையும் அட்டையையும் விட்டுட்டுப் போனா, அது பசையோட தப்பு. அதாவது ஒட்டறவளோட தப்பு. ஒட்டறவளே திருடியிருந்தா, தன் தலையிலேயே தப்பு விழற மாதிரியா திருடுவா?"

"அப்போ அவ இல்ல."

"அவ இல்ல. ஒரு பேனை அட்டையில நிறுத்த ஒரு சொட்டுப் பசை போதும். ரெண்டாவது பசை எதுக்கு வந்துச்சு, அதைப் பிடி."

பிடிக்க வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பேராசிரியர் தம் அறையில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். துருவி கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் காலத்தில் அவரும் புதுப் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேன் ஒட்டுவார்களாம். காய்ந்த பேனுக்குத் தலை சுலபமாக உதிரும். அன்றைக்கு இதற்கும் உதிர்ந்தது. பெண்டாட்டியின் நகப்பூச்சை ஒரு முடியில் தொட்டுத் தாமே ஒட்டினார். அதில் ஒரு துளி அட்டையிலும் சொட்டிவிட்டதாம்.

"அதே தலைதான்னு எப்படித் தெரியும்?" என்றாள் துருவி.

"பக்கத்துலயே கிடந்துச்சும்மா. வேற எங்கேயிருந்து வரும்?" என்றார் பெரியவர்.

தகரம் இருமினான். அன்றைக்கு அந்த மேசையில் எத்தனை பேன் இருந்தது என்று துருவி கேட்டாள். ஏகப்பட்டது, ஒரே மரத்தில் தட்டிக் கொண்டுவந்தது என்றார். மரம் இன்னும் சிற்றுண்டி விடுதிக்குப் பின்னால் நிற்கிறதாம். அப்புறம் ஒருநாளாவது போய்ப் பார்த்தீர்களா என்றதற்கு, எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் கண்டுபிடித்தாகிவிட்டதே என்றார். உலகத்தில் பாதிப் படிப்பு இப்படித்தான் நடக்கிறது.

விடுதியின் பின்புறம் காலி எண்ணெய் டின்களுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே மரம் நின்றது. மரம் தெரியாத அளவுக்கு அதன்மேல் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருந்தது. துருவி இயக்குநரையும் கையோடு அழைத்து வந்திருந்தாள். வெயிலில் நிற்கும் பழக்கம் விட்டுப்போனவர், வேர்த்துக் கொட்டினார். ஒட்டுக்காரம்மா குடையும் உறிஞ்சுக் குழாயும் கொண்டுவந்தாள். குடையைத் தலைகீழாகக் கிளைக்குக் கீழே பிடித்துக் கம்பால் தட்டினால் பேன் அதில் விழும். விழுந்தது தாவுவதற்குள் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். பேன் நடுவில் இருக்கிற புட்டியில் போய் விழும். வாய்க்கு வராமல் ஒரு வலைத்துணி தடுக்கும்.

"அண்ணன் இருந்திருந்தா என்னை இந்த வேலைக்கு விடுவாரா அண்ணி?"

"அவர் இருந்திருந்தா அவரே உறிஞ்சியிருப்பார். உறிஞ்சு."

மரத்தைத் தட்டி ஒரு புட்டி, கொடியைத் தட்டி ஒரு புட்டி என்று தனித்தனியாகப் பிடிக்கச் சொன்னாள் துருவி. பிறகு இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். மரத்தின் தளிர் இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு இழை விட்டுக்கொண்டு தட்டைத் தட்டையாகக் குஞ்சுகள். கொடியின் இலை ஓரம் சுருண்ட இடத்தில் வேறே மாதிரிக் குஞ்சுகள். இரண்டு குடித்தனம், இரண்டு வீடு. மேல்மாடியும் கீழ்மாடியும் மாதிரி.

மாதிரி அறைக்குத் திரும்பி இயக்குநரை நுண்ணோக்கியில் குனியவைத்தார்கள். அவர் குனிய மனமில்லாமல் குனிந்தார். மரத்துப் பேனைப் பார்த்தார். இறக்கையில் புள்ளி, படத்தில் இருப்பது மாதிரியே. முகம் தட்டை, கூம்பு கிடையாது. கொடிப் பேனைப் பார்த்தார். முகத்தில் இரண்டு கூம்பு, படத்தில் இருப்பது மாதிரியே. இறக்கை மட்டும் வேறே. கண்ணாடி மாதிரி, ஒரு புள்ளி இல்லை.

அவர் நிமிர்ந்தார். நுண்ணோக்கிக்கு ஒரு துணியைப் போட்டு மூடினார்.

"இது வெளியில தெரியக் கூடாது," என்றார்.

அந்தப் பேரினம் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. கீழ்மாடிக்காரன் உடம்பில் மேல்மாடிக்காரன் தலையை நகப்பூச்சால் ஒட்டி, அதற்கு ஒரு பெயரையும் வைத்து, ஆள் உயரத்துக்குப் படம் மாட்டி, இத்தனை காலம் விளக்கேற்றியிருக்கிறார்கள்.

தகரம் கணக்கை முடித்துவிட்டான். கிழவர் ஒட்டினார், கிழவருக்குத் தெரியும், நாளைக்கு மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கிழவரே எடுத்துவிட்டார், ஒட்டுக்காரம்மா தலையில் பழியைப் போட்டார். சுபம். வீட்டுக்குப் போகலாமா?

"தெரிஞ்சவர் நகப்பூச்சுக் கதையைத் தானா வந்து சொல்லுவாரா?" என்றாள் துருவி.

வாசலை நோக்கி எடுத்த காலைத் தகரம் திரும்ப வைத்தான்.

துருவி வரவேற்பறைப் பெண்ணிடம் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு புட்டி கேட்டு வாங்கிவரச் செய்தாள். மரத்துப் பேன் ஒன்றின் தலையை எடுத்துவிட்டு, கொடிப் பேனின் தலையை அதில் ஒட்டித் தரும்படி ஒட்டுக்காரம்மாவைக் கேட்டாள். அவள் மறுத்தாள். வாழ்க்கையில் ஒரு தலையைக்கூட மாற்றி ஒட்டியதில்லை என்றாள்.

"இதை ஒட்டலைன்னா சாயங்காலம் உங்க தலை போகும்," என்றாள் துருவி.

ஒட்டினாள். தலைமயிர் ஒன்றின் நுனியில் பூச்சைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்கிற நேரத்தில் முடித்துவிட்டாள். முடித்தபின் தன் வேலையைத் தானே கண்ணாடியில் பார்த்து, "இவ்வளவுதானா பேரினம்," என்றாள்.

முதலில் பேராசிரியரை வரவழைத்தார்கள். அதே மரத்தில் இன்னொன்று கிடைத்தது என்று மட்டும் துருவி சொன்னாள். அவர் நுண்ணோக்கிமேல் விழுந்தார். முகத்தைப் பார்த்தார். கூம்பு, கூம்பு என்று முணுமுணுத்தார். அப்புறம் இறக்கையின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவுவதுபோல் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தகரத்தைக் கட்டிப் பிடித்து, தம்பி நீ நல்லா இருப்பே, என் பேரினம் சாகலை என்றார். அந்தக் கிழவர் பொய்யர் இல்லை. அதைவிட மோசம்; நம்பினவர்.

"மாப்பிள்ளையையும் கூப்பிடுங்க," என்றாள் துருவி. "அவரும் சந்தோஷப்படட்டும்."

மாப்பிள்ளை வந்தார். மாமனார் சிறுபிள்ளை மாதிரி விஷயத்தைச் சொன்னார். மருமகனும் துள்ளியிருக்க வேண்டும். நாளைக்கு வருகிறவள் முகத்தில் வீச இரண்டாவது சாட்சி கிடைத்திருக்கிறது அல்லவா? அவர் துள்ளவில்லை. மெதுவாக உட்கார்ந்தார், நுண்ணோக்கியில் குனிந்தார், கையைப் பக்கத்தில் நீட்டி மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தார். ஊசி முகத்துக்குப் போகவில்லை. இறக்கைக்கும் போகவில்லை. நேராகப் பேனின் கழுத்துக்குப் போய் லேசாக நெம்பியது.

துருவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க மாமனார் முகத்தைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். இந்தப் பேனைப் பார்க்கிற எவனும் அதைத்தான் பார்ப்பான். நீங்க ஏன் மாப்பிள்ளை கழுத்தைப் பார்க்கறீங்க?"

ஊசி கண்ணாடியில் விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

அப்புறம் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியூர் அம்மா வருவதற்காகச் சாட்சிப் பேனைத் தூசி தட்டப் போனபோது கழுத்தில் பூச்சு மின்னியதைக் கண்டிருக்கிறார் மாப்பிள்ளை. தலை வேறே, உடம்பு வேறே என்று புரிந்துவிட்டது. ஒட்டுக்காரம்மா சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்துவிட்டார். மாமாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் என்றார். மாமாவின் மானம் மட்டும்தானா என்று துருவி கேட்டாள். இல்லாத பேரினத்தில் நீங்கள் கண்டுபிடித்த மூன்று சிற்றினம் என்ன ஆகும், அதற்குக் கிடைத்த பட்டம் என்ன ஆகும், அவற்றின் முகத்தில் கூம்பு எங்கேயிருந்து வந்தது?

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "மாமா இருக்கணும்னு எழுதியிருந்தார். எனக்கும் இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது."

"பொண்ணு குடுத்த மாமனார் சொன்னா இல்லாத மூக்கும் தெரியும் அண்ணி," என்றான் தகரம். "எனக்கு ஒரு மாமனார் இல்லாமப் போனது எவ்வளவு நல்லதாப் போச்சு."

ஒட்டுக்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள். "திருடல, பசைதான் விட்டுச்சுன்னு சொன்னீங்களே. அதைப் பரிவுன்னு நினைச்சேன்."

மாப்பிள்ளை சட்டைப் பைக்குள் கையை விட்டார். பூச்சிகளின் சின்ன உறுப்புகளைப் போட்டுவைக்க இவர்கள் மாத்திரைக்கூட்டைத்தான் பயன்படுத்துவார்கள். மருந்துக் கடையில் விற்கிறதே, கண்ணாடி மாதிரி இருக்கும் அதே கூடு. அதை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு புள்ளி. அதுதான் சாட்சி. தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லையாம்.

பேராசிரியர் அதைக் கையில் எடுத்துக் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை அவரும் கழுத்தைத்தான் பார்த்தார். கிழவர் மெல்ல நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மாரடைப்போ என்று பதறி இயக்குநரே தம் கையால் ஊற்றிக் கொடுத்தார்.

கிழவர் மாத்திரைக்கூட்டை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றி விழுங்கினார்.

விழுங்கிவிட்டு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "இப்ப சொல்லுங்க," என்றார். "எங்கே இருக்கு உங்க ஆதாரம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் பேரினத்தையே வயிற்றில் மறைத்துவிட்டார்.

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. கதவைச் சாத்தினார். இதோடு முடிந்தது, பேன் பசை விட்டு உதிர்ந்துவிட்டது என்று வருகிறவளிடம் சொல்லிவிடலாம், ஒட்டுக்காரம்மாவுக்கும் வேலை போகாது, எச்சரிக்கை ஒன்றோடு விட்டுவிடலாம் என்றார். எல்லாருக்கும் நல்லதாம்.

"திருடி இல்ல, கவனமில்லாதவ. அப்படித்தானே?" என்றாள் ஒட்டுக்காரம்மா.

துருவி தன் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். ஊசியும் அட்டையும் அதில் இருந்தன. பசை விட்டது என்று சொன்னால், வருகிறவள் எந்தப் பசை என்று கேட்பாள். ஒன்றுக்கு இரண்டு பசை இதோ இருக்கிறது என்று விளக்கினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அதோட, இதுவரைக்கும் யார் எடுத்தாங்கன்னு பார்த்த சாட்சி ஒருத்தரும் இல்ல. இப்ப மாப்பிள்ளையை விட்டாலும் நாலு பேர் இருக்கோம். பேன் எங்கே போச்சுன்னு நாலு பேரும் கண்ணால பார்த்தோம். ஐயா அவசரப்பட்டு இந்தம்மாவைக் காப்பாத்திட்டார்."

கிழவர் கண் கைக்குட்டையில் இருந்த அட்டைக்குப் போனது.

"அட்டையையும் முழுங்கறீங்களா ஐயா?" என்றான் தகரம். "டம்ளர்ல தண்ணி மிச்சம் இருக்கு."

ஒட்டுக்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்று. இந்த அறைக்குள் சொன்னது அவளுக்குப் போதாது. காலையில் எங்கே, எத்தனை பேர் முன்னால் பையைக் கவிழ்த்தார்களோ, அங்கே, அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். துருவி கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினாள். கெஞ்சல் நின்றது.

கூடத்தில் மறுபடி எல்லாரும் கூடினார்கள். பேராசிரியர் குரல் மேடையில் எட்டுத் திசைக்கும் கேட்கும். அன்றைக்கு முன் வரிசைக்கே எட்டவில்லை. சத்தமாகச் சொல்லும்படி பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அந்தம்மா எடுக்கவில்லை என்று மறுபடி சொன்னார். அப்படியானால் பேன் யாரிடம் இருக்கிறது என்று வரவேற்பறைப் பெண் கேட்டாள். கிழவர் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"ஐயாகிட்டதான் இருக்கு, பத்திரமா," என்றான் தகரம். "நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளை மேசையில் கிடந்த சீப்பையும் சாவியையும் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை. எங்காவது கையை வைத்துக்கொள்ள வேண்டுமே. ஒட்டுக்காரம்மா பையை வாங்கினாள். ஜிப்பை இழுத்து மூடினாள். வேலை முடிகிற மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

இயக்குநர் பின்னாலேயே ஓடினார். மனம் ஆறட்டும், ஒரு வாரம் சம்பளத்தோடு ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே, நாளைக்கு அவசியம் வர வேண்டும் என்று இல்லையே என்று அக்கறையாகச் சொன்னார்.

அவள் படியில் நின்று திரும்பினாள்.

"வராம எப்படி சார்? வெளியூர் அம்மாவுக்கு அந்த மரத்தை யார் காட்டறது?"